காற்றுக்கு இடம் கொடுக்காத பை

புது எண்ணெய் டின்னை உடைக்கிற மளிகைக் கடைக்காரர் ஒரு ஓட்டையோடு நிறுத்த மாட்டார். ஊற்றுகிற மூலையில் ஒன்று போட்டால் எதிர் மூலையிலும் ஒன்று போடுவார். இரண்டாவது ஓட்டை காற்றுக்கானது. விறைப்பான கலத்திலிருந்து 1 லிட்டர் திரவம் வெளியே வரவேண்டுமானால் 1 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம், திரவத்தை வாயிலேயே மறித்து நிறுத்தும்.

எண்ணெய்க்கு இதனால் பெரிய கேடு ஒன்றும் உடனே வந்துவிடாது. ஆனால் காற்று தனியாக வருவதில்லை. ஆக்சிஜன், ஈரம், தூசி, அந்தத் தூசியில் தொற்றிக்கொண்ட கிருமிகள் என்று எல்லாமே கூடவே வருகின்றன. ரத்தம், கண் மருந்து போன்றவற்றுக்கு அதுதான் எமன். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. வெளியேறும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாக அதே அளவு காற்று உள்ளே போய்விடுகிறது.

கலமே சுருங்கிக்கொண்டால்? உள்ளே மெல்லிய பை ஒன்றை வைத்து, அதில் திரவத்தை நிரப்ப வேண்டும். திரவம் குறையக் குறையப் பையும் ஒடுங்கும். காற்று பைக்கு வெளியே வந்து நிற்குமே தவிர, திரவத்தைத் தொடாது. கேட்கும்போது எளிதாக இருக்கிறது. கடந்த 75 ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பையின் அருமை மருத்துவமனை வார்டில் நன்றாகத் தெரியும். நம் ஊரில் டிரிப்ஸ் ஏற்றும் சலைன் பெரும்பாலும் ஓரளவு விறைப்பான பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வருகிறது. கொஞ்சம் இறங்கியதும் பாட்டிலின் வயிறு ஒட்டும். பிறகு அதற்குமேல் ஒடுங்க முடியாமல் சொட்டு தயங்கும். செவிலியர் வந்து பார்ப்பார். ஓர் ஊசியை எடுத்து, தலைகீழாகத் தொங்கும் பாட்டிலின் மேற்புறத்தில் குத்திவிட்டுப் போவார். சொட்டு மறுபடி சீராக விழும். எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டையேதான் இது. ஆனால் இங்கே அந்த ஓட்டை வழியாக நுழையும் வார்டுக் காற்று, நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போகப்போகிற திரவத்தின் மேல் படிகிறது. செவிலியரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. முழுமையாகச் சுருங்காத பாட்டிலைக் கொடுத்தால் அவர் வேறென்ன செய்வார்?

இந்த ஊசித் துளை எவ்வளவு ஆபத்தானது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். விக்டர் ரோசன்தால், டென்னிஸ் மாக்கி இருவரும் அர்ஜென்டினாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வை 2004-ல் வெளியிட்டார்கள். காற்றுத் துளை தேவைப்படும் பாட்டில்களை எடுத்துவிட்டு, முழுமையாகச் சுருங்கும் பைகளை மாட்டினார்கள். பெரிய ரத்த நாளத்தில் குழாய் செருகியிருந்த ஒவ்வொரு 1,000 நாட்களுக்கும் 6.52 ஆக இருந்த ரத்தத் தொற்று 2.36 ஆக இறங்கியது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. திரவத்தை வைத்திருந்த கலம் மாறியது, அவ்வளவுதான்.

ரத்தத்துக்கு இந்தப் பை முன்பே வந்துவிட்டது. 1950 வாக்கில் அமெரிக்காவில் அறுவை மருத்துவர் கார்ல் வால்டரும் வில்லியம் மர்ஃபி ஜூனியரும் சேர்ந்து பிவிசி பிளாஸ்டிக்கில் ரத்தப் பையை உருவாக்கினார்கள். (மர்ஃபியின் தந்தை, ரத்தசோகை நோய்க்கான சிகிச்சைக்காக 1934-ல் நோபல் பரிசு பெற்றவர்.) அதுவரை ரத்தம் கண்ணாடி பாட்டிலில் இருந்தது. பாட்டில் உடையும், கழுவிக் கழுவிப் பயன்படுத்தியதால் தொற்று ஏற்படும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, அவசரத்தில் ரத்தத்தை வேகமாகச் செலுத்த பாட்டிலுக்குள் காற்றை அடித்தார்களே, அதில் இருந்தது. ரத்தம் தீர்ந்த கணத்தில் அந்தக் காற்று நாளத்துக்குள் பாய்ந்து உயிரையே எடுத்துவிடும். பையில் அந்தப் பயம் இல்லை. கையாலேயே அழுத்தலாம், உள்ளே ரத்தம் தீர்ந்தால் பை தட்டையாகும், குழாயில் போக காற்று இருக்காது.

பை வளையும் என்பதால் இன்னொரு வரமும் கிடைத்தது. பையை அப்படியே சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், பிளாஸ்மா மேலே நிற்கும். மெல்ல அழுத்தினால், குழாயால் இணைந்த அடுத்த பைக்குள் பிளாஸ்மா போய்விடும். எங்கும் திறக்க வேண்டியதில்லை. ஒருவர் கொடுத்த ரத்தம் இரண்டு மூன்று நோயாளிகளுக்குப் பயன்படுவது இதனால்தான். 1980-களில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனம் இந்தப் பைகளின் தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்கித் தொழிற்சாலைக்குக் கொடுத்தது. இந்தியப் பொது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய கொடைகளில் ஒன்றாக அதை நான் மதிக்கிறேன்.

மற்ற துறைகளுக்கு இந்த யோசனை போன வழி விசித்திரமானது. 1955-ல் வில்லியம் ஷோல் என்ற அமெரிக்க வேதியியலாளர் பேட்டரி அமிலத்தைச் சிந்தாமல் கொண்டுபோக, பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையை வைத்தார். 10 ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் ரென்மார்க் ஊரைச் சேர்ந்த ஒயின் தயாரிப்பாளர் தாமஸ் ஆங்கோவ் அதே அமைப்பில் ஒயினை நிரப்பிக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அவருடைய பெட்டியில் பிடித்து ஊற்றக் குழாய் இல்லை. பையின் மூலையை வெட்டி, ஊற்றிவிட்டு, கிளிப் போட்டுக் கவ்வ வேண்டும். வெட்டிய வாயில் காற்று புகாமல் இருக்குமா? 1967-ல் சார்லஸ் மால்பாஸ் என்பவரும் பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனமும் பையோடு ஒட்டவைத்த காற்றுப்புகாத குழாயைக் கொண்டுவந்த பிறகுதான் அது உருப்படியான பொருளானது.

அதாவது பை பாதி வேலைதான். மீதிப் பாதி வாயில் இருக்கிறது. இத்தகைய கலத்தை வடிவமைக்க உட்காருகிறவர் முதலில் மோதுவது ஒரு வேடிக்கையான சிக்கலில். பை ஒடுங்கும்போது எந்த இடம் முதலில் ஒட்டும்? பல சமயம் வாய்க்குப் பக்கத்திலேயே இரு சுவர்களும் ஒட்டிக்கொள்ளும். பின்னால் கால்வாசித் திரவம் இருக்கும், வெளியே வர வழி இருக்காது. இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுக்கமாக ஒட்டும். இதற்காக வாயின் உட்புறத்தில் வரிகள் ஓடும் பட்டை ஒன்றையோ, பக்கமெல்லாம் துளையிட்ட குழலையோ பைக்குள் நீளவாக்கில் வைக்கிறார்கள். சுவர்கள் ஒட்டினாலும் அந்த வரிகளுக்கு இடையே திரவம் கசிந்து வாய்க்கு வந்து சேரும்.

அடுத்தது, வெளிக்கூடு. திரவம் இருக்கும் பையில் ஊசிமுனை ஓட்டைகூட இருக்கக் கூடாது. வெளிக்கூட்டிலோ கட்டாயம் ஓட்டை இருந்தாக வேண்டும். கூடும் காற்றுப்புகாமல் இருந்தால், பைக்கும் கூட்டுக்கும் இடையே அழுத்தம் குறைந்து பை ஒடுங்கவே ஒடுங்காது. எண்ணெய் டின்னின் இரண்டாவது ஓட்டை இங்கேயும் இருக்கிறது, திரவத்தைத் தொடாத இடத்துக்கு மாறியிருக்கிறது.

இதை மிக அழகாகச் செய்தவர்கள் ஜப்பானின் சோயா சாஸ் தயாரிப்பாளர்கள். சோயா சாஸில் ஆக்சிஜன் பட்டால் நிறம் கறுத்து மணம் மங்கிவிடும். கிக்கோமான் நிறுவனம் 2011-ல் கொண்டுவந்த பாட்டில் பார்க்கச் சாதாரண பாட்டில்தான். சுவரில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒன்றோடொன்று சரியாக ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்குகளை ஒரே அச்சில் ஊதி, பாட்டிலையும் அதன் உள்பையையும் ஒரே நேரத்தில் உருவாக்குகிறார்கள். வெளிச்சுவரில் சிறு துளை, வாயில் ஒருவழி வால்வு. பாட்டிலை அமுக்கினால் சுவர்களுக்கு இடையே உள்ள காற்று உள்பையை நெருக்கும். சாஸ் வெளியே வரும். விட்டால் வால்வு உடனே மூடிக்கொள்ளும். வெளிச்சுவர் பழைய உருவத்துக்குத் திரும்பும்போது துளை வழியே காற்றை இழுக்கும். அந்தக் காற்று இரண்டு சுவர்களுக்கும் நடுவே போய், உள்பையை இன்னும் கொஞ்சம் உரித்துவிடும். உள்ளே சாஸ் குறைந்துகொண்டே போனாலும் பாட்டில் கையில் நிறைந்தே இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்காமலேயே திறந்த பிறகு 90 நாள் புதிதாக இருக்கும் என்கிறது நிறுவனம்.

ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக்கிலும் காற்று ஊடுருவும் என்பது பலருக்குத் தெரியாது. பாலித்தீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை விட்டுவிடும். இவிஓஹெச் என்ற பிளாஸ்டிக் ஆக்சிஜனை அருமையாகத் தடுக்கும். ஆனால் ஈரம் பட்டால் அந்தத் திறன் சரிந்துவிடும். ஆகவே இவிஓஹெச்சை நடுவில் வைத்து இரு பக்கமும் பாலித்தீனைப் போர்த்துகிறார்கள். உலோகப் பூச்சு தரலாம்தான். ஆனால் லாரியில் நெடுந்தூரம் குலுங்கி வரும் பை, மடிந்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடியும்போது பூச்சு அங்கே விரிசல் விடும். தடுக்கவும் வேண்டும், வளையவும் வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளும் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. நல்ல தடுப்புப் பொருட்கள் பெரும்பாலும் விறைப்பானவை.

மூன்றாவது கோரிக்கைதான் எல்லாவற்றிலும் கடினமானது. பை தன்னிலிருந்து எதையும் திரவத்துக்குக் கொடுக்கக் கூடாது. ரத்தப் பையின் பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் டிஇஹெச்பி என்ற வேதிப்பொருள் மெல்ல ரத்தத்தில் கசிகிறது. உடலுக்கு ஆகாதது என்று அதைக் கைவிட ஐரோப்பா முயல்கிறது. ஆனால் கசியும் அதே பொருள்தான் சிவப்பணுக்களின் மேலுறையைத் திடப்படுத்தி அவை உடையாமலும் காக்கிறது. மாற்றுப் பொருள் தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கசிவு 24 பில்லியன் கிலோமீட்டருக்கு அப்பாலும் தொல்லை கொடுத்திருக்கிறது. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்தின் எரிபொருள் தொட்டிக்குள் ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஹைட்ரசின், மறுபக்கம் ஹீலியம் வாயு. எடையற்ற நிலையில் திரவமும் வாயுவும் கலந்து மிதக்கும். சவ்வு இல்லாவிட்டால் உந்துகலன்களுக்கு எரிபொருளுக்குப் பதில் வாயுக்குமிழி போய்விடும். சவ்வு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாகக் கிழியாமல் வேலை செய்கிறது. ஆனால் வயதாக வயதாக அதிலிருந்து சிலிக்கன் டை ஆக்சைடு உதிர்ந்து, உந்துகலனுக்குள் இருக்கும் நுண்குழலில் படிந்துவிட்டது. 0.25 மில்லிமீட்டர் இருந்த வழி 0.035 மில்லிமீட்டராக, தலைமயிரின் பாதித் தடிமனாக, சுருங்கிவிட்டதை நாசா 2024-ல் அறிவித்தது. அந்த உந்துகலன்களை விட்டுவிட்டு வேறு தொகுதிக்கு மாறி விண்கலத்தைக் காப்பாற்றினார்கள். இன்றுவரை அது பூமியோடு பேசுகிறது.

மறுபடி நம் வீட்டுக்கு, கண் மருந்துக்கு வருவோம். 5 மில்லி குப்பியில் 100 சொட்டுக்கு மேல் இருக்கும். அமுக்கி விடும் ஒவ்வொரு முறையும் குப்பி காற்றை இழுக்கிறது. நுனியில் தங்கிய பாதிச் சொட்டையும், அது இமையில் தொட்டு எடுத்த கிருமியையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. அதனால்தான் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற கிருமித்தடுப்பைக் கலக்கிறார்கள். ஒரு வாரம் போடுபவருக்கு அது பொருட்டில்லை. கண் அழுத்த நோய்க்கு வாழ்நாள் முழுவதும் போடுபவருக்கு, நாள்பட நாள்பட அந்தத் தடுப்பே கண்ணின் மேற்பரப்பை உறுத்திக் காயவைக்கிறது.

கிருமித்தடுப்பை நீக்கிவிடலாம், குப்பி மாறினால். உள்ளே ஒடுங்கும் பையும், கடைசிச் சொட்டை உள்ளே விடாமல் நுனியிலேயே மூடிக்கொள்ளும் வால்வும் வேண்டும். இத்தகைய குப்பிகள் சந்தையில் இருக்கின்றன, விலைதான் கூடுதல். மருந்தை மட்டும் மாற்றிவிட்டு, பலமுறை பயன்படுத்தும் குப்பியில் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023-ல் பார்த்தோம். சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடையதாக, மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனஸ் தொற்று பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். தயாரிப்பு நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. பலமுறை பயன்படுத்தும் குப்பியில் போதிய கிருமித்தடுப்பு இல்லை என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிய குறைகளில் ஒன்று.

உலகுக்கே மருந்து தயாரித்து அனுப்பும் நாடு நம்முடையது. மருந்தில் காட்டும் அக்கறையை அதை வைத்திருக்கும் கலத்திலும் நம் நிறுவனங்கள் காட்ட வேண்டும். சலைன் கொள்முதல் செய்யும் மருத்துவமனை நிர்வாகங்கள், ஊசி குத்தத் தேவையில்லாத, முழுமையாகச் சுருங்கும் பைகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை, கண் மருந்து போடுகிறவர்களுக்கு: குப்பியைத் திறந்த தேதியை அட்டையில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் ஆனதும், மருந்து மீதமிருந்தாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது. நெடுநாள் போட வேண்டியிருந்து கண் உறுத்தினால், கிருமித்தடுப்பு கலக்காத மருந்து உங்களுக்கு ஏற்றதா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.