"சும்மா இருக்கேன்" என்று சொல்லலாமா?



"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டால் நம்மில் பலர் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்கிறோம். மாடு கறந்தது, களை எடுத்தது, கடையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அந்த "சும்மா"வுக்குள் மறைந்துபோகிறது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிளாடியா கோல்டின். 1946-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். பழைய புள்ளிவிவரங்களைத் துருவி ஆராய்வது இவர் வேலை.

அந்த நாட்டின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கல்யாணமான பெண்ணுக்குத் தொழில் என்ற இடத்தில் "மனைவி" என்றே பெரும்பாலும் எழுதிவிட்டார்கள். கணவரோடு வயலில் பாடுபட்டவரும் மனைவிதான். குடும்பத் தொழிலைக் கவனித்தவரும் மனைவிதான். கோல்டின் அதை அப்படியே ஏற்கவில்லை. பெண்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டார்கள் என்ற ஆய்வுகளையும், தொழிற்சாலைப் புள்ளிவிவரங்களையும் தேடி எடுத்து ஒப்பிட்டார். 1890-களின் கடைசியில் வேலை செய்த திருமணமான பெண்களின் விகிதம், அரசுக் கணக்கில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது!

இன்னொன்றும் கண்டுபிடித்தார். விவசாயம் குறைந்து தொழிற்சாலைகள் பெருகியபோது, வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் மணமான பெண்கள் பலர் வேலையிலிருந்து விலகினர். 20-ஆம் நூற்றாண்டில் படிப்பும் அலுவலக வேலைகளும் வந்த பிறகே அந்த எண்ணிக்கை மறுபடி ஏறியது. இன்றும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் ஆண், பெண் சம்பள வித்தியாசம் பெரிதாகிறது என்றும் காட்டினார்.

இந்த ஆராய்ச்சிகளுக்காக 2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அப்பரிசை யாரோடும் பகிராமல் தனியாகப் பெற்ற முதல் பெண் இவரே.

நம் நாட்டிலும் நேரக் கணக்கு எடுக்கிறார்கள். 2024-ல் மத்திய அரசு எடுத்த ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்களுக்கோ 88 நிமிடம்தான்.

கணக்கில் வராத உழைப்பு, திட்டம் போடுகிறவர் கண்ணில் படாது. அதனால் கணக்கெடுக்க ஆள் வந்தால் சும்மா இருப்பதாகச் சொல்லாதீங்க. செய்கிற வேலையை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன், காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை செய்த வேலைகளை ஒரு நாள் நோட்டில் எழுதிப் பாருங்க. கூட்டத்தில் எல்லோரும் வாசித்துக் காட்டுவோம்.