உங்களுக்குத் தெரியுமா? – குலை குலையாய் முந்திரிக்காய்

தமிழகச் சிறுவர் ஆடும் ‘குலை குலையாய் முந்திரிக்காய்’, முந்திரி விளையும் அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம், செயங்கொண்டம் வட்டாரங்களுக்குப் பெயரளவிலேனும் கூடுதல் நெருக்கம் உடையது. வட்டமாக அமர்ந்திருப்போரைச் சுற்றி ஓடும் குழந்தை, அவர்களில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட, அதை உணர்ந்தவர் எடுத்துத் துரத்துவதும், பிடிபடாமல் முன்னவர் எழுந்தவரின் இடத்தில் அமர்ந்துவிட்டால் துரத்தியவரே அடுத்து ஓடுவதும் இதன் விதி. எவரும் நிலையாக வெளியேற்றப்படாத இவ்வாட்டத்தில், முறைக்குக் காத்திருத்தல், தோல்வியைப் பொறுத்தல் ஆகியவை அறிவுரையின்றியே பழகுகின்றன. பிறர் நன்மை கருதித் தானாகச் செய்யும் ‘சமூகநல நடத்தை’க்கு இவை தொடக்கப் பயிற்சி எனலாம். இவ்வாறு குழந்தைகள் தமக்குள் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு ஆடுவதைக் ‘கூட்டுறவு விளையாட்டு’ எனத் தனிநிலையாக 1932-இல் வகைப்படுத்திய அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் உற்றுநோக்கிய குழந்தைகள், ஏறத்தாழ நம் அங்கன்வாடிப் பருவத்தினரே.