யானைக் கட்சியும் கழுதைக் கட்சியும்: பூமியின் சூட்டைப் பற்றி அமெரிக்காவில் ஓயாத சண்டை!

2015-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி. அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டன். வெளியே நடுக்கும் குளிர்.

செனட் சபையில் 80 வயது முதியவர் ஒருவர் எழுந்தார். அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் கையை விட்டார். வெளியே எடுத்தது என்ன தெரியுமா?

ஒரு பனி உருண்டை!

பூமி சூடாகிறது என்று சொல்கிறார்களே, வெளியே எப்படிக் குளிர்கிறது என்று பாருங்கள் என்பது அவருடைய வாதம். பேசிக்கொண்டே அந்த உருண்டையை சபைத் தலைவரின் ஆசனத்தை நோக்கி வீசினார்.

அவர் பெயர் ஜிம் இன்ஹோப். ஓக்லஹாமா மாநிலத்தின் செனட்டர். சாதாரண ஆள் அல்ல. காற்று, தண்ணீர், சுற்றுப்புறம் ஆகியவற்றைக் கவனிக்கும் செனட் கமிட்டிக்கே அப்போது தலைவர்! பூமி சூடாகிறது என்பது பெரிய புரட்டு என்று புத்தகமே எழுதியவர். 2024-ல் காலமானார்.

ஒரு ஊரில் ஒரு நாள் குளிர்வது வேறு. உலகம் முழுவதும், ஆண்டு முழுவதும் அளந்து சராசரி பார்ப்பது வேறு. அவர் பனி உருண்டை வீசினாரே, அந்த 2015-ம் ஆண்டு எப்படி முடிந்தது? அதுவரை அளந்து கணக்கு எடுத்த ஆண்டுகள் எல்லாவற்றிலும் அதிகச் சூடான ஆண்டாக முடிந்தது! பிறகு வந்த ஆண்டுகள் அதையும் மிஞ்சிவிட்டன. 2024-ம் ஆண்டின் சூடு, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடுதல்.

ஒன்றரை டிகிரிதானே என்று நினைக்கலாம். நம் உடம்பில் ஒன்றரை டிகிரி செல்சியஸ் ஏறினால் அதற்குப் பெயர் காய்ச்சல்!

இரண்டு மிருகங்கள்

அமெரிக்காவில் பெரிய கட்சிகள் இரண்டே. ஒன்று குடியரசுக் கட்சி. அதன் அடையாளம் யானை. மற்றொன்று ஜனநாயகக் கட்சி. அதன் அடையாளம் கழுதை. அங்கே கழுதை என்பது வசவு அல்ல. தொண்டர்கள் பெருமையோடு சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். நாமும் யானைக் கட்சி, கழுதைக் கட்சி என்றே சொல்லுவோம். படிப்பவருக்குக் குழப்பம் இராது.

பூமி சூடாவதற்கு மனிதன்தான் காரணமா என்று கேட்டால், கழுதைக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஆம் என்கிறார்கள். யானைக் கட்சிக்காரர்களில் பலர் இல்லை என்று தலையை ஆட்டுகிறார்கள்.

இது வரியைப் பற்றிய கேள்வியா? சண்டைக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்வியா? அவற்றில் கட்சிக்கு ஒரு கருத்து இருப்பது நியாயம். இது காற்றையும் சூட்டையும் பற்றிய கேள்வி ஆயிற்றே! இதில் கட்சி எங்கிருந்து வந்தது?

கண்ணாடிக் குழாயில் ஒரு சோதனை

இந்த விஞ்ஞானம் நேற்று முளைத்தது அல்ல. 1856-ம் ஆண்டிலேயே யூனிஸ் பூட் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சோதனை செய்தார். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்தார். உள்ளே தெர்மாமீட்டரை வைத்து வெயிலில் காட்டினார். கரியமில வாயு அடைத்த குழாய்தான் அதிகமாகச் சூடேறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆற நெடுநேரம் ஆயிற்று. காற்றில் இந்த வாயு அதிகமானால் பூமியின் சூடும் அதிகமாகும் என்று அவர் அப்போதே எழுதிவிட்டார்.

கரியமில வாயு ஒரு கம்பளி மாதிரி. பகலில் பூமி வாங்கிய வெயிலின் சூடு மேலே போய்விடாமல் இது கொஞ்சம் தடுக்கிறது. அது நல்லதுதான். கம்பளியே இல்லாவிட்டால் பூமி விறைத்துப்போகும். ஆனால் நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிக்க எரிக்கக் கம்பளி தடித்துக்கொண்டே போகிறது. அதுதான் தொல்லை.

எவ்வளவு தடித்திருக்கிறது? 1958-ல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய் தீவில் ஓர் எரிமலையின் மீது கருவி வைத்து அளக்க ஆரம்பித்தார். 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2025 மே மாதம் அதே மலையில் அளந்தபோது 430 பங்கைத் தாண்டிவிட்டது!

ஒற்றுமையாக இருந்த காலம்

முன்பு இதில் கட்சிச் சண்டை இருக்கவில்லை. இதைக் கேட்டால் இன்றைய அமெரிக்க வாலிபர்களே நம்பமாட்டார்கள்.

1965-ல் கரியமில வாயு பெருகுவதைப் பற்றி அமெரிக்க காங்கிரசுக்கு ஜனாதிபதி ஜான்சன் செய்தி அனுப்பினார். அவர் கழுதைக் கட்சி. 1970-ல் சுற்றுப்புறத்தைப் பாதுகாக்கத் தனி இலாகாவே ஏற்படுத்தினார் ஜனாதிபதி நிக்சன். அவர் யானைக் கட்சி!

1988-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி செனட் கமிட்டியின் முன் ஜேம்ஸ் ஹான்சன் என்ற விஞ்ஞானி சாட்சி சொன்னார். பூமி சூடாவது 99 சதவீதம் உறுதி என்றார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. அந்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற மூத்த ஜார்ஜ் புஷ், யானைக் கட்சிக்காரர், இதைச் சமாளிக்க வெள்ளை மாளிகையின் செல்வாக்கைப் பயன்படுத்துவேன் என்று மேடையில் வாக்குக் கொடுத்தார். 1992-ல் உலக நாடுகளின் முதல் ஒப்பந்தம் வந்தபோது கையெழுத்தும் போட்டார். செனட் சபை எதிர்ப்பே இல்லாமல் அதை ஏற்றது.

அப்புறம் எப்படிக் கெட்டது?

பணமும் பேச்சும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! எக்ஸான் என்ற எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் 1977-லிருந்தே பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை அப்படியே பலித்திருக்கின்றன என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. ஆனால் கம்பெனி பத்திரிகைகளில் போட்ட விளம்பரங்களோ சந்தேகத்தைக் கிளப்பின! உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு.

பிராங்க் லண்ட்ஸ் என்று ஒருவர். எந்த வார்த்தையைச் சொன்னால் ஓட்டு விழும் என்று ஆராய்ந்து சொல்வது அவருடைய தொழில். 2002 வாக்கில் யானைக் கட்சிக்கு அவர் கொடுத்த யோசனைக் குறிப்பு வெளியே கசிந்தது. விஞ்ஞானம் இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருங்கள் என்பது அந்த யோசனை. பூமி சூடேறுகிறது என்பதற்குப் பதிலாகப் பருவநிலை மாறுகிறது என்று சொல்லுங்கள், அதில் பயமுறுத்தல் குறைவு என்றும் எழுதியிருந்தார்.

2017-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெரும் காட்டுத் தீ. லண்ட்ஸ் வீட்டை அது நெருங்கிவிட்டது. 2019-ல் செனட்டர்களின் முன் உட்கார்ந்து, நான் அன்று சொன்னது தவறு, அதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதிய கைதான் கேட்டுக்கொண்டது. ஆனால் அதற்குள் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன.

யானைக் கட்சியின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நிலக்கரிக்கு வரி போட்டால் சுரங்கத் தொழிலாளியின் வயிற்றில் அடி விழும். பெட்ரோல் விலை ஏறும். சர்க்காரின் அதிகாரம் பெருகும். இவை கட்டுக்கதைகள் அல்ல; உண்மையான கவலைகள். சுரங்கங்கள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவில் ஜோ மான்ச்சின் என்ற வேட்பாளர், 2010-ல் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் மசோதாவைத் துப்பாக்கியால் சுடுவதுபோல விளம்பரப் படம் எடுத்துத் தேர்தலில் ஜெயித்தார். அவர் அப்போது எந்தக் கட்சி தெரியுமா? கழுதைக் கட்சி!

மருந்து வேண்டாம் என்பதற்கு ஒருவருக்கு நூறு காரணம் இருக்கலாம். மருந்துச் செலவுக்குப் பயந்து தெர்மாமீட்டரே பொய் என்று சொல்லலாமா? நடந்தது அதுதான்.

98-க்கு ஒன்று!

பனி உருண்டைக்கு ஒரு மாதம் முன்பு, 2015 ஜனவரி 21-ந் தேதி, செனட்டில் ஒரு வேடிக்கையான ஓட்டெடுப்பு நடந்தது. பருவநிலை மாறுவது உண்மை, புரட்டு அல்ல என்று ஒரு வாசகம். 98 பேர் ஆம் என்றார்கள். ஒருவர்தான் இல்லை. இன்ஹோப்கூட ஆம் என்றே ஓட்டுப் போட்டார்! பருவநிலை எக்காலமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, மனிதன் மாற்றுகிறான் என்பதுதான் ஆணவம் என்பது அவர் தந்த விளக்கம்.

அடுத்து இன்னொரு வாசகம். இந்த மாற்றத்துக்கு மனிதன் முக்கியமான காரணம் என்று. ஆதரவு 50, எதிர்ப்பு 49. நிறைவேற 60 ஓட்டு வேண்டும். தோற்றது.

வெளிநாட்டு ஒப்பந்தத்தின் கதி இன்னும் வேடிக்கை. பாரிஸ் நகரில் 2015-ல் உலக நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேர்ந்தது. 2017-ல் ஜனாதிபதி டிரம்ப் விலகுகிறோம் என்றார். 2021 ஜனவரி 20-ந் தேதி ஜனாதிபதி பைடன் பதவி ஏற்ற அன்றே திரும்பச் சேரக் கையெழுத்துப் போட்டார். 2025 ஜனவரி 20-ந் தேதி மறுபடி டிரம்ப் பதவி ஏற்றார். அன்றே மறுபடி விலகக் கையெழுத்து! மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்ணைப்போல ஆகிவிட்டது ஒரு வல்லரசு.

படித்தால் தீருமா?

ஜனங்களுக்கு விஞ்ஞானம் தெரியாததால்தான் இந்தச் சண்டை, படித்தால் தீர்ந்துவிடும் என்று நமக்குத் தோன்றும். டான் கஹான் என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். முடிவு தலைகீழ்! விஞ்ஞானமும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் பிளவு அதிகமாக இருந்தது. படித்தவன் தன் பக்கத்துக்கு வாதம் தேடுவதில் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான்.

பிறகு எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? யார் சொன்னது என்று பார்க்கிறார்கள். 2018-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி இதைப் பச்சையாகக் காட்டியது. ஒரே திட்டத்தைச் சிலரிடம் கொடுத்து இது யானைக் கட்சியின் திட்டம் என்றார்கள். வேறு சிலரிடம் கொடுத்து இது கழுதைக் கட்சியின் திட்டம் என்றார்கள். திட்டத்தில் எழுத்து மாறவில்லை. ஆனால் தங்கள் கட்சியின் பெயர் ஒட்டியிருந்தபோது பிடித்தது. எதிர்க் கட்சியின் பெயர் ஒட்டியிருந்தபோது கசந்தது. இதில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றுதான்!

அவர்களை முட்டாள்கள் என்று சொல்லக்கூடாது. எரிமலை மேல் ஏறிக் காற்றை அளக்க எல்லோராலும் முடியுமா? யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும். யாரை நம்புவது என்பதில்தான் வினை. 2016-ல் பியூ என்ற ஆராய்ச்சி நிலையம் கேட்டபோது, பருவநிலை விஞ்ஞானிகள் உண்மையை முழுதும் சொல்வார்கள் என்று பெரிதும் நம்பியவர்கள், கழுதைக் கட்சியின் முற்போக்குப் பிரிவினரில் 100-க்கு 70 பேர். யானைக் கட்சியின் பழமைப் பிரிவினரில் 100-க்கு 15 பேர்தான்.

மகன் போட்ட நிபந்தனை

இனி ஒரு மனிதரின் கதை. பாப் இங்கிலிஸ். வக்கீல். தென் கரோலினா மாநிலத்தில் யானைக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர்.

1993 முதல் ஆறு ஆண்டுகள் சபையில் இருந்தபோது, பூமி சூடாவது வெறும் பேத்தல் என்று அடித்துச் சொல்லி வந்தார். அதைப் பற்றிப் படித்தாரா? இல்லை. கழுதைக் கட்சித் தலைவர் ஆல் கோர் அதை ஆதரித்தார். ஆகவே நான் எதிர்த்தேன், எனக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

2004-ல் மறுபடி தேர்தலுக்கு நின்றார். மூத்த மகனுக்கு அப்போதுதான் 18 வயது. முதல் ஓட்டு. உங்களுக்கு ஓட்டுப் போடுகிறேன், ஆனால் சுற்றுப்புற விஷயத்தில் நீங்கள் திருந்த வேண்டும் என்றான் பையன்! நான்கு தங்கைகளும் அண்ணன் பக்கம். தாயாரும் பிள்ளைகள் பக்கம். வீட்டிலேயே மெஜாரிட்டி போய்விட்டால் எந்த அரசியல்வாதிதான் என்ன செய்வார்?

இங்கிலிஸ் ஜெயித்தார். சபையின் விஞ்ஞானக் கமிட்டியோடு தென் துருவத்துக்குப் போனார். அங்கே பனிக்கட்டியை ஆழமாகத் துளைத்து நீளமான தூண்களாக எடுக்கிறார்கள். பழங்காலத்துக் காற்று குமிழி குமிழியாக அதில் அடைபட்டிருக்கிறது. 8 லட்சம் ஆண்டுகளின் காற்று! அந்த நெடுங்காலத்தில் கரியமில வாயு, 10 லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டியதே கிடையாது. இன்று 400-க்கும் மேல். இங்கிலிஸ் வாயடைத்துப் போனார்.

ஆஸ்திரேலியாவின் பவளப் பாறைகளுக்கும் போனார். அங்கே காட்டிச் சொன்ன விஞ்ஞானி, இவரைப் போலவே தெய்வ நம்பிக்கை உள்ளவர். எனக்கு இதைக் கவனிக்கவேண்டும். எண்கள் ஏற்கனவே இருந்தன. சொன்னவர் தன்னைப் போன்ற மனிதர் என்று கண்டபோதுதான் இவர் மனம் முழுதும் திறந்தது.

2009-ல் இங்கிலிஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். கரியமில வாயுவுக்கு வரி போடுவது. அதே அளவுக்குச் சம்பளக்காரரின் வரியைக் குறைப்பது. சர்க்கார் கஜானாவுக்கு ஒரு காசு கூடுதல் இல்லை. யானைக் கட்சியின் கொள்கைக்கு ஏற்ற மருந்து என்று அவர் நினைத்தார்.

கட்சி நினைக்கவில்லை. 2010-ல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் வந்தது. ஒரு கூட்டத்தில், மனிதனால்தான் பூமி சூடாகிறது என்று நம்புகிறீரா, ஆமா இல்லையா என்று கேட்டார்கள். ஆம் என்றார். கூட்டம் ஊளையிட்டது. ஓட்டு எண்ணியபோது சொந்தக் கட்சிக்காரர்களில் பத்துக்கு ஏழு பேர் எதிராளிக்குப் போட்டிருந்தார்கள். வங்கிகளைக் காப்பாற்றும் மசோதாவை ஆதரித்தது போன்ற வேறு கோபங்களும் அவர் மேல் இருந்தன. ஆனால் மன்னிக்கப்படாத குற்றம் இதுதான் என்பது அவருடைய எண்ணம்.

பதவி போயிற்று. 2012-ல் அவர் ஒரு சிறு அமைப்பை ஆரம்பித்தார். விஞ்ஞானிகளிடம் போய்ப் பேசுவதற்கு அல்ல. கழுதைக் கட்சியிடம் போய்ப் பேசுவதற்கும் அல்ல. தன்னைத் தோற்கடித்த அதே யானைக் கட்சிக்காரர்களிடம், ஊர் ஊராகப் போய், அவர்களுடைய பாஷையில் பேசுவதற்கு.

2015-ல் அவருக்குத் துணிச்சலுக்கான ஒரு விருது கிடைத்தது. ஜனாதிபதி கென்னடியின் பெயரால் வழங்கப்படும் விருது அது. கென்னடி கழுதைக் கட்சி! இங்கிலிஸ் விருதை வாங்கிக்கொண்டார். கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.