திரிந்த பாலும் இருபது போர்டுகளும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், செத்துப்போன மதர்போர்டுகளைக் கோணியில் கட்டி வைப்பேன். மாதம் ஒருமுறை காயலான் கடைக்காரர் வந்து கிலோ கணக்கில் எடுத்துப்போவார். எங்கே போகிறது என்று கேட்டதில்லை. பாக்கிப் பணம் வாங்க ஒருநாள் அவருடைய கொட்டகைக்கே போனேன். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம். உள்ளே ராஜ திராவகம்: நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்தது, தங்கத்தையே கரைத்துவிடும். பழுப்பு நிறத்தில் புகை. கையுறைகூட இல்லாமல் போர்டுகளைக் கிளறிக்கொண்டிருந்த பையன் விடாமல் இருமினான்.

“எத்தனை நாளா தம்பி இந்த இருமல்?”

“அது எப்பவும் இருக்கும்ணே.”

தங்கம் எடுத்தபின் மிஞ்சிய திராவகம், கரைந்த செம்போடும் ஈயத்தோடும் சாக்கடைக்குப் போனது. அந்த டிரம்மில் என் போர்டுகளும் கரைந்திருக்கின்றன.

அதனால்தான் 2024இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தியை மூன்று முறை படித்தேன். பேராசிரியர் ரஃபேலே மெட்ஸெங்காவின் குழு தங்கத்தைப் பிடிக்க எடுத்துக்கொண்ட பொருள், பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் தெளிநீர். வீட்டில் பால் திரிந்தால் வடித்துக் கொட்டுகிறோமே, அதே வகைதான். அதன் புரதத்தை அமிலத்தில் சூடாக்கினால் நூல் நூலாகப் பின்னிக் கூழாகிறது. உலர்த்தினால் பஞ்சு. 20 மதர்போர்டுகளின் உலோகங்களைக் கரைத்த திரவத்தில் அந்தப் பஞ்சைப் போட்டார்கள். எத்தனையோ உலோகங்கள் இருந்தும் தங்கம்தான் அதில் அதிகமாக ஒட்டியது. பஞ்சைச் சூடாக்கி, கிடைத்த துகளை உருக்கியதும் 450 மில்லிகிராம் கட்டி. 91 சதவீதம் தங்கம், மீதி செம்பு. நம் நகைக்கடைக் கணக்கில் 22 காரட். ஒரு பவுன் சேர 350 போர்டுகளுக்கு மேல் வேண்டும். கொஞ்சம்தான். ஆனால் மூலப்பொருளுக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவைப்போல 50 மடங்கு பெறும் அந்தத் தங்கம் என்கிறார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. போர்டைக் கரைக்க அங்கேயும் அமிலம்தான். அதைக் குறைக்காமல் பையனின் இருமல் நிற்காது. அங்கேதான் ஒரு பாக்டீரியா கைகொடுக்கிறது. அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்ஸிடன்ஸ் என்று பெயர். சுரங்கங்களின் புளித்த நீரில், இரும்பை ஆக்சிஜனேற்றி உயிர் வாழ்வது. அது மாற்றிக்கொடுக்கும் இரும்பு, போர்டிலுள்ள செம்பைக் கரைத்தெடுக்கிறது. பழுப்புப் புகை எழாது. போர்டில் அதிகமுள்ள உலோகமான செம்பு முதலில் வெளியேறிவிட்டால், தங்கத்துக்காகக் கொட்டும் திராவகமும் குறையும்.

ஆனால் அதற்குப் பல நாள் ஆகும். காயலான் கடைக்காரருக்கு அன்றன்றைக்குப் பணம் வேண்டும். அந்தக் காத்திருப்புக்கான செலவைக் கருவிகளைச் செய்து விற்ற நிறுவனங்கள் ஏற்கட்டும். கழிவை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் அவர்கள் தலையில்தான் வைத்திருக்கின்றன.