பெயர் யாருக்குச் சொந்தம்? யூடியூபின் முதல் தலைமுறையும் அதன் பிழைப்பும்

யூடியூபில் காணொளி வெளியிட்டு வாழ்வது இன்று பலரும் அறிந்த ஒரு தொழில். ஆனால் அந்தத் தளம் தொடங்கிய 2005-ஆம் ஆண்டில் அத்தகைய தொழில் எதுவும் இருக்கவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று பேசிய 19 விநாடிக் காட்சியே, அவ்வாண்டு ஏப்ரல் 23 அன்று அதில் ஏறிய முதல் காணொளி. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி டாலர் மதிப்புக்கு யூடியூபை வாங்கியது. அந்த மதிப்பு பெருமளவும் காணொளிகளைப் பதிவேற்றிய சாதாரண மனிதர்களால் உருவானது என்றாலும், அவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

அப்போது புகழடைந்தவர்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். 1927-இல் பிறந்த பீட்டர் ஓக்லி என்ற ஆங்கிலேய முதியவர், 2006 ஆகஸ்டில் கேமராவின் முன் அமர்ந்து தம் வாழ்க்கை நினைவுகளை நிதானமாகச் சொல்லத் தொடங்கிச் சில வாரங்களிலேயே தளத்தின் மிக அதிகமான சந்தாதாரர்களைப் பெற்றார். சந்தாதாரர் என்போர் ஒருவருடைய புதிய காணொளிகளைத் தொடர்ந்து பெற விரும்பிப் பதிவு செய்துகொள்பவர்கள். அதே ஆண்டில் 'லோன்லிகேர்ள்15' என்ற பெயரில் தன் அறையிலிருந்து பேசிய பதின்வயதுப் பெண், ஜெசிக்கா ரோஸ் என்ற நடிகை என்பதும், அவர் பேசியவை எழுதித் தரப்பட்ட வசனங்கள் என்பதும் செப்டம்பரில் வெளிப்பட்டன. ஏமாற்றப்பட்டதாகப் பலர் கொதித்தாலும் தொடர் 2008 வரை நீடித்தது. கேமராவைப் பார்த்து நேரே பேசும் நெருக்கத்தையும் நடிப்பால் உருவாக்க முடியும் என்பதை இத்துறை அப்போதே அறிந்துகொண்டது.

பணம் வந்தது 2007-இல்தான். 'பங்காளர் திட்டம்' என்ற ஏற்பாட்டின்படி, காணொளியோடு காட்டப்படும் விளம்பரத்தின் வருமானத்தை நிறுவனம் பதிவேற்றியவருடன் பகிர்ந்துகொண்டது. வேலையை விட்டு இதையே நம்பலாம் என்ற துணிவு பலருக்கு இத்திட்டத்தால் பிறந்தது. கூடவே, ஒரு நிறுவனத்தின் தீர்மானங்களைச் சார்ந்தே வாழவேண்டிய நிலையும் பிறந்தது. 2012-இல், எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு யூடியூப் முதன்மை அளித்தபோது, மிகுந்த உழைப்பில் உருவாகும் குறுகிய அசைவூட்டப் படங்களைத் தயாரித்தவர்கள் பின்தள்ளப்பட்டனர். அவர்களுடைய கலையில் குறை இல்லை, அளவுகோல்தான் மாறியிருந்தது.

இந்தத் தலைமுறையின் ஏற்றத்தையும் இழப்பையும் முழுமையாகக் காட்டுவது 'ஸ்மோஷ்' என்ற நகைச்சுவைச் சேனலின் வரலாறு. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பகுதியைச் சேர்ந்த நண்பர்களான ஆந்தனி படில்லாவும் இயன் ஹெகாக்ஸும் 2005-இல் போக்கிமான் தொடரின் பாடலுக்கு வாயசைத்து வெளியிட்ட காணொளி, 2 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகளைப் பெற்று, ஒரு கட்டத்தில் யூடியூபிலேயே மிக அதிகமாகப் பார்க்கப்பட்டதாக விளங்கியது. பாடலின் பதிப்புரிமை அவர்களுடையதாக இல்லாததால் 2007-இல் அது நீக்கப்பட்டது. அதனால் அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சொந்தமாக எழுதிய குறுநாடகங்களால் மீண்டும் முதலிடம் வரை சென்றனர்.

பெரிய இழப்பு வேறு வழியாக வந்தது. 2011-இல் அவர்கள் ஸ்மோஷை அலாய் டிஜிட்டல் என்ற நிறுவனத்துக்கு விற்றனர். அது வேறொரு நிறுவனத்துடன் இணைந்து டிஃபை மீடியா ஆயிற்று. விலை ரொக்கமாக அன்றிப் பங்குகளாகவே தரப்பட்டதால், விற்பனையால் தமக்குப் பணம் எதுவும் கிடைக்கவில்லை என்று படில்லா பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். தாம் உருவாக்கிய பெயரின் கீழ் ஊழியர்போல உழைக்கும் நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. படைப்புச் சுதந்திரம் இல்லை என்று கூறிப் படில்லா 2017-இல் விலகினார். மறு ஆண்டு நவம்பரில் டிஃபை மீடியாவே திடீரென மூடப்பட்டது. ரெட், லிங்க் என்ற மற்றொரு மூத்த யூடியூப் இணையரின் மிதிக்கல் நிறுவனம் 2019-இல் ஸ்மோஷை வாங்கியதால்தான் அந்தப் பெயர் பிழைத்தது.

பார்வையாளர்கள் ஸ்மோஷ் என்றால் அந்த இருவரின் முகங்களையே நினைத்தனர். சட்டமோ உரிமையாளரின் கையொப்பத்தை மட்டுமே பார்த்தது. இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்ல அன்று அவர்களுக்கு முன்னோடிகள் இல்லை, ஏனெனில் முன்னோடிகளே அவர்கள்தாம். 2023 ஜூனில் படில்லாவும் ஹெகாக்ஸும் ஸ்மோஷின் பெரும்பான்மைப் பங்கை மிதிக்கலிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கினர். அப்போது இருவருக்கும் வயது 35.