பொதிக் களஞ்சியத்தில் பெயரும் பொருளும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுப்பர். இப்பகுப்பு, கணிப்பொறித் துறையில் எழுந்த பெயரிடற் சிக்கல் ஒன்றனை விளக்கவும் துணைபுரிகின்றது. மென்பொருள்களைப் பொதிகளாகப் பெற்று, நிறுவி, புதுப்பித்து, வேண்டாதவிடத்து நீக்கும் கருவி பொதி மேலாளர் எனப்படும். அப்பொதிகளை எப்பெயரிட்டுச் சேமித்தல் தகும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினாவாகும்.

பழைய முறையில், பல நிரல்களுக்குப் பொதுவான ஒரு துணைப்பொதி ஒரே பெயரால் ஓரிடத்தே வைக்கப்படும். ஒரு நிரலின்பொருட்டு அது புதுப்பிக்கப்படின், பழைய பதிப்பை நம்பியிருந்த மற்றொரு நிரல் இயங்காது போதலும் உண்டு. பெயர் நிற்கப் பொருள் மாறியமையே இதற்குக் காரணம். ஒரே நூற்பெயர் தாங்கிய சுவடிகள் பாடத்தால் வேறுபடுதலைக் கண்ட பதிப்பாசிரியர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று.

இதனை நீக்க எழுந்ததே உள்ளடக்க முகவரி முறை. இம்முறையில் கோப்பின் உள்ளடக்கத்தைக் கணித்துப் பெறும் ஹாஷ் எண்ணே அதன் பெயராகின்றது. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணிப்புமுறை, கோப்பு எத்துணை நீளமாயினும் அதனை 256 பிட் கொண்ட எண்ணாகச் சுருக்கும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் எண் முற்றும் வேறாகும். இதனால் விளையும் பயன் இரண்டு. ஒரே உள்ளடக்கம் ஒருமுறையே சேமிக்கப்படும் என்பது ஒன்று; பெறுவோர் தாமே மீண்டும் கணித்துப் பெயரும் பொருளும் ஒத்தலைத் தெளியலாம் என்பது மற்றொன்று. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ இம்முறையினது. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை ஆளும் ‘பி.என்.பி.எம்.’ என்பதும் கோப்புகளை இவ்வாறே ஒரு களஞ்சியத்தில் வைத்து, திட்டந்தோறும் தனிப்படி எடாமல், இயன்றவரை அக்களஞ்சியத்தோடு இணைக்கின்றது.

‘நிக்ஸ்’ என்னும் பொதி மேலாளரின் நிலை சற்று வேறு. இதனை உருவாக்கிய எல்கோ டோல்ஸ்ட்ரா, நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதன் கோட்பாட்டை விரித்துரைத்தார். நிக்ஸ் களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதியின் பெயர்க்கும் முன்னே 32 எழுத்துக்கள் கொண்ட ஒரு குறி நிற்கும். அக்குறி உள்ளடக்கத்திலிருந்தே பிறந்தது எனக் கருதுவார் உளர். அஃது எல்லாவிடத்தும் பொருந்தாது. வெளியிலிருந்து பெறும் மூலநிரலுக்கு உள்ளடக்கம் பற்றியே குறி அமைகின்றது. ஆயின் ஆக்கப்பெறும் பொதிகளுக்குப் பெரும்பாலும் மூலநிரல், தொகுப்பி, துணைப்பொதிகள், ஆக்கும் கட்டளைகள் ஆகியவற்றைக் கணித்தே குறி பெறப்படுகின்றது. எனவே காரணப்பெயரிலும், ஆக்கம் பற்றியது, உள்ளடக்கம் பற்றியது என இருவகை கொள்ளுதல் வேண்டும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. ஒரே செய்முறையால் இருமுறை ஆக்கினும், ஆக்கிய நேரம் உள்ளே பதிவாதல் போன்ற காரணங்களால் விளைபொருள் வேறுபடலாம். அந்நிலையில் ஒரு பெயர்க்கு இரு பொருள் உளவாம். பிறர் ஆக்கியளித்த பொதியைப் பெறுவோர் அதன் பெயரைக்கொண்டு உண்மை காணல் இயலாது. ஆக்கியோரின் மின்கையொப்பத்தையே நம்புதல் வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் உள்ளடக்கம் பற்றியே பெயரிடலாகாதோ எனின், அதற்கும் தடை உண்டு. பல நிரல்கள் தம் பெயரையே தம்முள் கொண்டுள்ளன. பெயர் அறிய உள்ளடக்கம் வேண்டும். உள்ளடக்கம் நிறையப் பெயர் வேண்டும். இவ்வட்டத்தை உடைக்க, கணிக்கும்போது தன்பெயர் வருமிடங்களில் சுழியை நிரப்பிக் கொள்ளும் வழியை டோல்ஸ்ட்ரா காட்டினார். எனினும் இச்செய்முறையின் விளைவு இவ்வுள்ளடக்கமே என்னும் இணைப்பை யாரேனும் ஒருவர் உறுதி கூறல் வேண்டும். ஆதலின் நம்பிக்கை வேண்டப்படும் இடம் சுருங்குகின்றதேயன்றி ஒழிவதில்லை.

கணிப்புமுறையின் வலிமையும் ஈண்டுக் கருதத்தக்கது. எஸ்.எச்.ஏ.-1 முறையில் ஒரே எண் தரும் இருவேறு கோப்புகளை, கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையத்தாரும் 2017-இல் ஆக்கிக் காட்டினர். அன்றியும், பெயர் பொருந்திய பொதி தீங்கற்றது என்பதும் பெறப்படாது. இஃது அதுவே என்பதனை மட்டுமே உள்ளடக்க முகவரி நிறுவும். இது நன்று என்பதனை ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.