வேற்றுமையை மதிப்போம், சாதியை மறுப்போம்

பிறரின் வேற்றுமைகளை மதிக்கக் குழந்தைகளுக்குத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. மொழி, நிறம், உடல், உணவு, வழிபாடு ஆகியவற்றில் மனிதர்கள் வேறுபடுவது இயல்பு. ஆனால், சாதியையும் இப்பட்டியலில் சேர்ப்பது பெரும்பிழை. சாதி என்பது வேற்றுமை அன்று; ஏற்றத்தாழ்வு. அதை ஏற்கப் பழக்குவது ஒடுக்குமுறையை ஏற்கப் பழக்குவதே ஆகும்.

பள்ளிச் சிறுவனாக இருந்த அம்பேத்கர் தனிச் சாக்கில் அமர வைக்கப்பட்டார்; பள்ளிப் பணியாளர் ஊற்றினால் மட்டுமே அவருக்குத் தண்ணீர். அதைப் பார்த்திருந்த பிற குழந்தைகளுக்கும் அதுவே பாடமாயிற்று. இன்றும் குழந்தைகள் சாதியைக் கற்பது பாடநூலிலிருந்து அன்று. கழிப்பறை கழுவ யார் அனுப்பப்படுகிறார், தலித் பெண் சமைத்த சத்துணவை யார் மறுக்கிறார் என்பவற்றைக் கண்டே கற்கிறார்கள். அதன் முடிவை 2023இல் நாங்குநேரியில் கண்டோம்: தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியோர் சக மாணவர்கள்.

அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், 8ஆம் பிரிவு ஒடுக்கப்பட்ட குழந்தைகளைப் பாகுபாட்டிலிருந்து காப்பதை அரசின் கடமையாக்குகிறது. 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் அரசமைப்பின் விழுமியங்களுக்கு இசைய வேண்டும் என்கிறது.

ஆகவே, நன்னெறி வகுப்பு மட்டும் போதாது. சுழற்சி முறையில் இருக்கை, பொதுக் குடிநீர், ஒரே பந்தியில் உணவு, எந்தக் குழந்தையின் கையிலும் கழிப்பறைத் துடைப்பம் இல்லாமை: இவையே குழந்தைகளுக்குச் சமத்துவத்தின் முதல் பாடம். இவை நடைமுறையில் உள்ளனவா என்று ஒவ்வொரு பள்ளியிலும் கேட்பது நம் கடமை.